இருநூற்றிருபது சதுரங்கள்

சரவணமுத்துவோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் மூன்று வருஷம் காலம் தள்ளியவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், அவனை மாதிரி ஒரு நைநை பேர்வழியை இந்தச் சேலம் ஜில்லா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. எதையும் கிராப் தாளில் போட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். மெஸ்ஸில் என்றைக்குப் புளிக்குழம்பு, என்றைக்குத் தட்டைப்பயிறு என்று ஒரு கிராப். நான் எந்தெந்த நாள் குளிக்கவில்லை என்று இன்னொரு கிராப். அதைக் கதவில் வேறு ஒட்டி வைத்தான். கிழித்துப் போட்டேன். மறுநாள் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தான், நான் கிழித்த தேதியையும் சேர்த்து.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பள்ளிபாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா குழந்தைவேல், சேலைக் கரைக்கும் முந்திக்கும் கிராப் போடுகிறவர். சேலையில் ஒரு பூ விழ வேண்டுமென்றால் அதை முதலில் கட்டம் கட்டமாகத் தாளில் போட வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டை தறிமேல் ஏறினால் பூ துணியில் இறங்கும். இதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் புதுச்சத்திரத்துக் காட்டுக்காரன். எனக்குத் தெரிந்த ஒரே கட்டம் வெங்காயப் பாத்தி. பாலிடெக்னிக்கில் அவன் ஜவுளி, நான் மெக்கானிக்கல். என்றைக்காவது ஒரு ரிக் வண்டி வாங்கி போர் போட்டுச் சம்பாதிப்பேன் என்பது எங்கள் ஐயன் கண்ட கனவு.

அவன் அப்பாவை நான் பார்த்ததில்லை. அவனே பத்து வயதுக்குப் பிறகு பார்த்ததில்லை. எழுபத்தேழில் ஒருநாள் காலையில் டீயைக் குடித்துவிட்டு எழுந்தவர், காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் ஈரோட்டில் ரயில் ஏறிவிட்டார். வடக்கே பீவண்டியில் விசைத்தறிக் கூடத்தில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மணியார்டர் தவறாமல் வரும், ஆள் வராது. சண்டையா சச்சரவா என்றால் ஒன்றுமில்லை. ஏன் போனார் என்பது அவன் அம்மா அங்கம்மாளுக்கே தெரியாது. கடிதம் போட்டால் 'சௌக்கியம், சௌக்கியமறிய ஆவல்' என்று ஒரு கார்டு வரும். கிராப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாதி கற்றிருந்த பையன், மீதியை அப்பா விட்டுப்போன பழைய தாள்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

எண்பத்தாறில், எங்கள் கடைசி வருஷம், முத்தமிழ் விழாவுக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. டிவியில் பாட்டுக்குப் படம் காட்டுகிறார்களே, அதுமாதிரி நாமே ஒரு பாட்டுப் படம் எடுத்தால் என்ன என்றான் சரவணமுத்து. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அவன் விடுகிற ஆளா?

பாட்டு தயாராயிற்று. சின்னுசாமி என்று ஒரு பையன் புல்லாங்குழல் நன்றாக வாசிப்பான். ஹாஸ்டல் குளியலறையில் கூடுதலாக எதிரொலிக்கும் என்று அங்கே உட்கார்த்தி வைத்து டேப்பில் பிடித்தோம். பாட்டில் சொல் கிடையாது, வெறும் குழல்தான். சொல் வேண்டுமே என்று நான் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். சரவணமுத்து படித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம் அர்த்தநாரி, சொல்லில்லாமயே நல்லா இருக்குது" என்றான். இன்றைக்கும் அந்த ஆத்திரம் எனக்கு ஆறவில்லை.

அன்று மாலை காவிரிக் கரைப் படியில் உட்கார்ந்து அவன் விஷயத்தைச் சொன்னான். "விழாவுக்கு ஒரு காப்பி. இன்னொன்ன பீவண்டிக்கு அனுப்பறேன். அங்க நம்மூர் ஆளுக ஞாயித்துக்கிழமையில டெக்கு வாடகைக்கு எடுத்துப் படம் பாக்கறாங்களாம். அப்பா பாக்கோணும்."

"பாத்து?"

"ஈரோட்டு டேசன்ல எறங்கறாப்புல ஆரம்பிக்கும். அங்கிருந்து பாலம், டீக்கடை, தெரு, ஊடு, தறி, கடைசில அம்மா முகம். சிரிக்கற முகம். பாக்கறப்பவே அவரு நடந்து ஊட்டுக்கு வந்துருக்கோணும். அப்பறம் நெசமாலுமே வருவாரு."

"வல்லீன்னா?"

"வருவாரு." எனக்குக் கேலி வரவில்லை.

கேமராவுக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் தீர்த்தகிரி அண்ணனைப் பிடித்தோம். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, கேமரா சும்மா கிடக்கும். ஆவணி பிறந்தால் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது. ஆடி முடிவதற்குள் ஒரே ஒரு நாள் தருகிறேன் என்றார். "ஆனா ஒண்ணு. வெட்டி ஒட்டற மிசினெல்லாம் மெட்ராசுலதான். எங்கிட்ட எந்த வரிசைல எடுக்கறமோ அந்த வரிசைலதான் ஓடும். எடுத்தது எடுத்ததுதான். பாட்டை மட்டும் பொறவு மேல ஏத்திக்கலாம்" என்றார்.

அது போதாதா நம் ஆளுக்கு? உட்கார்ந்துவிட்டான். பாட்டு மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. விநாடிக்கு ஒரு சதுரம், மொத்தம் இருநூற்றிருபது. வரிசைக்கு இருபதாகப் பதினொரு வரிசை. தூரத்துக் காட்சி நீலம், கேமரா நகர்ந்தால் பச்சை, கிட்டத்தில் மஞ்சள், முகம் மட்டும் சிவப்பு. சதுரத்தின் அடியில் புள்ளி இருந்தால் கேமரா தரையில், மேலே இருந்தால் மொட்டை மாடியில். புள்ளி இல்லாவிட்டால் ஐந்தடி நாலு அங்குலத்தில்.

"அதென்னடா ஐந்தடி நாலு அங்குலம்?" என்று கேட்டேன்.

"அப்பா கண்ணு உசரம். தீர்த்தகிரி அண்ணன் ஆறடி, முட்டியை மடக்கிக்கிட்டுத்தான் எடுக்கோணும். நிமிந்தா அது வேற எவனோ பாக்கறாப்புல ஆயிரும்."

ஓரத்தில் வரிசைக்கு ஒரு சொல்: 'பாலம்', 'தெரு', 'கை', 'முகம்'. அவ்வளவுதான். மூன்று வாரம் அழித்து அழித்துப் போட்டான். தெருவைக் காட்டும் வரிசைக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் போய், எந்த மணிக்கு வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்த்து வந்தான்.

இவ்வளவு பாடுபட்டவனுக்கு, படம் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போது மஞ்சள்காமாலை வந்தது. அவன் மாமா வந்து மேட்டூருக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாத மோர்ச்சோறு போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். தீர்த்தகிரி அண்ணன் தேதியை மாற்ற மாட்டார். ஆடியும் நமக்காக நிற்காது. நான் மேட்டூருக்குப் போனேன்.

கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தான். தலையணைக்கு அடியிலிருந்து தாளை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தான். நிறத்தை எல்லாம் மறுபடி ஒருமுறை சொன்னான். "சதுரம் பெசகாம எடுங்க. அம்மா சிரிக்கோணும் அர்த்தநாரி. எப்படியாச்சும் சிரிக்க வெச்சிரு" என்றான்.

"வேறேதாச்சும் சொல்லோணுமா?"

"எல்லாம் அதுலயே இருக்குது." கண்ணை மூடிக்கொண்டான். பஸ்ஸில் தாளை மடியில் விரித்து மேச்சேரி வரைக்கும் படித்துக்கொண்டே வந்தேன். முதல் வரிசை முகம், கடைசி வரிசை ஸ்டேஷன். அவன் படிக்கட்டில் வேறு மாதிரிச் சொன்ன ஞாபகம் லேசாக வந்தது. அவன்தான் தினம் நாலு தரம் அழித்து மாற்றுகிறவனாயிற்றே, இதையும் மாற்றிவிட்டான் என்று நினைத்தேன். கூறுகெட்டவன் நான். திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

படம் எடுக்கும் நாள் காலையில் நேராக அவன் வீட்டில் போய் இறங்கினோம். அங்கம்மாள் தறியில் இருந்தார். ஒல்லியான அம்மா. கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "எனக்கெதுக்கு சாமி இதெல்லாம்" என்றார். சிரியுங்கள் என்றால் எங்கே சிரிக்கிறார்? சின்னுசாமி குரங்குச் சேட்டையெல்லாம் செய்து பார்த்தான். தீர்த்தகிரி அண்ணன் முட்டியை மடக்கி நின்று நின்று காலைத் தேய்த்துக்கொண்டார். நான் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து வெளிச்சத்தை அந்த அம்மா முகத்தில் விழச் செய்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனேன். பின்னால் இன்னொரு தறிக்குழி இருந்தது. வேட்டியோடு மல்லாந்து உள்ளே விழுந்தேன்.

அங்கம்மாள் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தவும் மறந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தீர்த்தகிரி அண்ணன் இருபது வரை எண்ணினார். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. என்றாலும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு கை, தறி, வாசல், தெரு. நடுத்தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தார்கள், அதன் ஓரமாகவே கேமரா நகர்ந்தது. டீக்கடை. பாலத்தில் தீர்த்தகிரி அண்ணனை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து ஈரோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனோம். மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தார்கள். காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. கடைசியில் ஸ்டேஷன் வாசல். ஒரு சதுரம் பிசகவில்லை. என்னைப் போல் ஒரு நண்பன் கிடைக்க அவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி முதல் வாரம் அவன் உடம்பு தேறி வந்தான். தீர்த்தகிரி அண்ணன் கடையில் டிவிக்கு முன் உட்கார்ந்தோம். அவன் அம்மா முகம் வந்தது, சிரித்தது. அவனும் சிரித்தான். "நல்லா வந்துருக்குது. ஆனா இது கடைசியாச்சே, கேசட்ட மொதல்ல இருந்து போடுங்கண்ணா" என்றான்.

"இதாம்ப்பா மொதல்" என்றார் அண்ணன்.

படம் ஓடிக்கொண்டேயிருந்தது. முகம் போய்க் கை வந்தது, தறி வந்தது, வாசல் வந்தது. வீட்டை விட்டு வெளியே வந்து, தெருவைக் கடந்து, பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் போயிற்று. சரவணமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. "தாளைத் தலைகீழாப் படிச்சுட்டீங்களா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "மேலிருந்து படிச்சேன். எல்லாரும் அப்படித்தான்டா படிப்பாங்க! கீழயிருந்து படிக்கறவன் உலகத்துல எவன்டா இருக்கறான்?"

"நெய்யறவன் எல்லாருமே. துணி கீழயிருந்துதான வளருது? முதல் இழை அடில. கிராப் அடியிலிருந்துதான் படிக்கோணும். இது தெரியாதா?"

"நான் வெங்காயம் போடறவன்டா! சொன்னாத்தானே தெரியும்? ஒரு நம்பர் போட்டிருந்தா உன்ற கை முறிஞ்சா போயிருக்கும்?"

"இதையெல்லாமா சொல்லோணும்?" என்றான். குரலே எழும்பவில்லை. அவன் கத்தியிருந்தால் நானும் இன்னும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். கத்தவில்லை. "அவரு போன வழிய அவருக்கே படம் புடிச்சுக் காட்டறாப்புல ஆயிருச்சு. இதைப் பாத்தா எந்த மூஞ்சியோட வருவாரு?" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மறுபடி எடுக்கவும் வழியில்லை. ஒரே ஒரு நாள் என்றால் ஒரே ஒரு நாள்தான் என்றுவிட்டார் தீர்த்தகிரி அண்ணன். விழாவில் அதையே போட்டோம். கை தட்டினார்கள், இரண்டாம் பரிசும் கொடுத்தார்கள். சரவணமுத்து மேடை ஏறவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. புளிக்குழம்புக் கிராப்கூட நின்றுபோனது. கேசட்டைப் பெட்டிக்குள் அடியில் போட்டுப் பூட்டினான்.

எனக்கும் ரோஷம் உண்டு. நான் செய்த தப்புதான் என்று உள்ளுக்குள் குத்தியது. தப்பே இல்லை என்று மூக்குக்கு மேல் கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஒருநாள் என்னைத் தீர்த்தகிரி அண்ணன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. இன்னொரு காப்பி போட்டு வாங்கினேன். மேட்டூரிலிருந்து கொண்டுவந்த தாள் என்னிடமே இருந்தது. இரண்டையும் கட்டி, ஒரு கடிதமும் எழுதி வைத்தேன்.

'ஐயா அவர்களுக்கு, புதுச்சத்திரம் அர்த்தநாரி எழுதிக்கொண்டது. இத்துடன் இருக்கும் கிராப் தங்கள் மகன் போட்டது. இதில் உள்ளபடி ஒரு சதுரம் பிசகாமல் நான் படம் எடுத்தேன். அவன் தப்பு என்மேல் என்கிறான். நான் அவன்மேல் என்கிறேன். தாங்கள் கிராப் தெரிந்தவர். இரண்டையும் பார்த்து யார்மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். கார்டில் எழுத வேண்டாம். நேரில் வந்து சொல்லவும்.'

பீவண்டி விலாசம் அவன் கிராப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் உறைத்தது. தகப்பன் வயதுள்ள மனுஷனுக்கு இப்படியா எழுதுவான் ஒருத்தன்?

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன ஆனாலும் சரியென்று பள்ளிபாளையத்துக்கு அவன் வீட்டுக்கே போய், நான் செய்த காரியத்தைச் சொன்னேன். அவன் முறைத்தான். "உன்னைய யாருடா அனுப்பச் சொன்னது?" என்று ஒரு மாதப் பேச்சையும் சேர்த்து வைத்து ஆரம்பித்தான். பேச்சு வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூர நிம்மதி. திட்டு வாங்கிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வாசலில் அந்த ஆள் வந்து நின்றார். கையில் ஒரு ரெக்ஸின் பை, நாலு நாள் தாடி, சட்டைப் பையில் மடித்த தாள். உள்ளே வராமல், "அர்த்தநாரிங்கறது யாரு?" என்றார்.

யாரென்று நான் உடனே புரிந்துகொண்டேன். "நா... நானுங்க."

"தீர்ப்புக் கேட்டிருந்தியே, தம்பி." தாளை எடுத்துப் பிரித்தார். மகனைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டு பேசினார். "உன்மேல தப்பு இல்ல. தெரியாதவன் மேலிருந்துதான் படிப்பான். கிராப்ப வெளியாளுக்குக் குடுக்கறப்ப அடியில ஒரு அம்புக்குறி போட்டுக் குடுக்கோணும். அதான் மொறை. அவன் போடல. அவன்மேலயும் தப்பில்ல. அதச் சொல்லிக் குடுக்க நான் ஊட்ல இல்ல."

சரவணமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். குரல் கேட்டு அங்கம்மாள் தறியிலிருந்து எழுந்து வந்தார். ஒன்பது வருஷம் கழித்துப் புருஷனைப் பார்த்தவர் அழவுமில்லை, வாங்க என்று சொல்லவுமில்லை. "எதுக்குப் போனீங்க?" என்றார்.

குழந்தைவேல் தலை நிமிராமலே சொன்னார். "மேல்தெருவுல முகூர்த்தச் சேலைக்குக் கிராப் கேட்டாங்க. முந்தியில மயிலு. ஆறு சேலை நெய்ஞ்சு முடிச்ச பொறவுதான் பாத்தாங்க, உடுத்துனா மயிலு தலைகீழாத் தொங்குது. ஊர்லயே பேர் போன கிராப்காரன் நான். தெருவே சிரிச்சுது. சரி சிரிக்கட்டும்னு ஊட்டுக்கு வந்தேன். நீயும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நின்ன. அது தாங்கல."

குழந்தைவேல் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"டிவியைப் போட்டா மொத ஆளா நீதான் வந்த. அதே சிரிப்பு. எந்திரிச்சுப் போயிரலாம்னுதான் நெனச்சேன். படம் ஊட்ட உட்டு வெளிய கெளம்பி, நான் போன வழியிலேயே போவுது. எதுக்கு இப்படி எடுத்துருக்கறாங்கன்னு தாளை எடுத்து அடியிலிருந்து படிச்சேன். அப்பத்தான் தெரிஞ்சுது, பையன் என்னைய வரச் சொல்லியிருக்கறான்னு. அடப் பாவிகளா, ஊரையே தலைகீழாப் போட்டுட்டீங்களேடான்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. உழுந்து உழுந்து சிரிச்சேன். ஒருத்தன் தப்பைப் பாத்தாச் சிரிப்பு வருது, அவ்வளவுதான். அதுல வெசம் ஒண்ணும் இல்லைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"ஒரு சிரிப்புக்கா?" என்றார் அங்கம்மாள். "ஏனுங்க, நான் சிரிச்ச ஒரு சிரிப்புக்கா ஒம்போது வருசம்? என்ற சமையல் புடிக்கலையோ, எங்கய்யன் ஏதாச்சும் சொல்லிப்போட்டாரோ, அங்க இன்னொருத்தி இருக்கறாளோன்னு நான் தெனம் ஒண்ணு நெனச்சு வெந்துக்கிட்டுக் கெடந்தேனே. அந்த மயிலு எனக்கு நெனப்புலகூட இல்லீங்களே."

குழந்தைவேல் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் வாசலிலேயே நின்றார். அங்கம்மாள்தான் அதை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.